கைக்குழந்தைக்காரிக்குப் பட்டுப்புழு வளர்ப்பு ஏற்றதா?

பிள்ளை பெற்று வேலையை விட்ட பெண்ணுக்கு உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, திருப்பூர் பனியன்களை வீட்டுக்கு வாங்கிவந்து பிசிறு வெட்டிக் கொடுப்பது. மற்றொன்று, தோட்டம் இருந்தால் பட்டுப்புழு வளர்ப்பது. இரண்டாவதுதான் கௌரவமானது, வீட்டோடு இருந்தே செய்யலாம் என்று பேச்சு. அந்தப் பேச்சு பாதிதான் உண்மை.

உண்மையான பாதி இது: பஸ் ஏற வேண்டாம். புழு மனை கூப்பிடு தூரத்தில் இருக்கும். இளம்புழுக்களை வளர்த்துத் தரும் சாக்கி மையத்திலிருந்து புழு வந்து மூன்று, மூன்றரை வாரத்தில் கூடு விற்பனைக்குத் தயாராகிவிடும். தென்னையைப்போல வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. திறமைக்கும் இதில் மதிப்பு உண்டு: மனையின் சூடு, ஈரப்பதம், புழு தின்னும் மல்பெரித் தழையின் பக்குவம் பார்த்து, சீக்குப் புழுவை முதல் நாளே பிரித்தெடுப்பது தேர்ந்த கைக்குத்தான் வரும். பிசிறு வெட்டுவதில் கைத்திறனுக்கு விலை கிடையாது; பீஸ் கணக்குத்தான், அந்த ரேட்டும் காண்ட்ராக்டர் வைத்தது.

ஆனால் இது 'ஓய்வு நேரத் தொழில்' அல்ல. புழு தின்னும் மொத்தத் தழையில் ஐந்தில் நான்கு பங்கு, கூடு கட்டும் முன் உள்ள கடைசி ஏழெட்டு நாளில் தீர்கிறது. அப்போது குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு வேளைத் தழையைத் தள்ளிப்போட முடியாது. புழுக்களுக்குப் பால்நோய் வந்துவிட்டால் பேட்ச் முழுவதும் போகலாம். பிசிறைப் பாதியில் வைத்துவிட்டு எழலாம். புழுவை வைத்துவிட்டு எழ முடியாது. அம்மாயியோ மாமியாரோ வீட்டில் இருக்கும் பெண்ணுக்குத்தான் இது தோதுப்படும்.

இன்னொரு குறை கணக்கில் இருக்கிறது. அரசு மானியம் மல்பெரி நட்ட நிலத்தைப் பார்த்து வருகிறது; நிலம் பெரும்பாலும் மாமனார் பெயரிலோ கணவர் பெயரிலோ இருக்கிறது. கூடு விற்ற காசும் அங்கேதான் போகும். மனையில் நாளெல்லாம் நின்றவள் 'கூடமாட ஒத்தாசை' செய்தவளாகிவிடுகிறாள். 2024ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அந்த வேலை செய்யும் ஆண்கள் 88 நிமிடம். தழை போடும் நேரம் அந்த 289க்கு மேல் ஏறுகிறது.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் சிக்கலுக்கு வழி பட்டுத் தொழிலிலேயே இருக்கிறது. முதல் இரண்டு பருவப் புழுவுக்குத்தான் கவனிப்பு அதிகம் வேண்டும் என்பதால், வீட்டுக்கு வீடு சிரமப்படாமல் சாக்கி மையத்தில் பொதுவாக வளர்த்துக் கொடுக்கிறார்கள். புழுவுக்குச் செய்த ஏற்பாடு பிள்ளைக்கு இல்லை. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு சட்டம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. புழு மனைத் தாய் அதற்குள் வரமாட்டாள். அங்கன்வாடியோ சாயங்காலத் தழைக்கு முன்பே மூடிவிடும்.

மல்பெரி ஊர்களில் அங்கன்வாடி நேரத்தை நீட்டி, மானியத்திலும் விற்பனைக் கணக்கிலும் மனைவி பெயரைச் சேர்த்தால், இந்தத் தொழிலைத் தாய்மார்களுக்குத் தாராளமாகச் சொல்லலாம். அதுவரை இது தோட்டமும் பெரியவர்களும் உள்ள குடும்பத்துக்கு ஏற்ற தொழில். தனியாகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாய்க்கு ஏற்றதல்ல.