தேரைச் சூழ்ந்து சென்றவர்கள்

குடித்துவிட்டு மோட்டார் ஓட்டிய வாலிபனைப் பற்றிய கதைகளுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. மேடை நாடகமாகவும், சிறுகதையாகவும், மாணவர் கட்டுரையாகவும் அது மீண்டும் மீண்டும் வருகிறது. வாலிபன் குடிக்கிறான், வண்டியை ஓட்டுகிறான், வழியிற் சென்ற ஓர் உயிர் மாள்கிறது, தாய் கதறுகிறாள், நீதிபதி தீர்ப்புக் கூறுகிறார், திரை விழுகிறது. பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். இக்கதைகளில் ஒரு பெருங்குறை இருப்பதாக நாம் கருதுகிறோம். அந்த வண்டியில் அவன் ஒருவன் மட்டுமா இருந்தான்?

பினாங்கு வாசிகளுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 13.5 கிலோ மீட்டர் நீளமுள்ள பாலம் 1985-இல் திறக்கப்பட்ட பிறகு, கடலைக் கடப்பது வாலிபர்களுக்கு ஒரு பொருட்டாக இல்லை. சனிக்கிழமை இரவு நிபோங் திபாலிலிருந்தோ புக்கிட் மெர்தாஜாமிலிருந்தோ ஐந்து நண்பர்கள் ஒரே மோட்டாரில் ஜார்ஜ்டவுனுக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புட்டிக்குப் பணம் கொடுப்பவன் ஒருவன். ஊற்றிக் கொடுப்பவன் மற்றொருவன். "ஒன்றும் ஆகாதடா, நீ ஓட்டு" என்று முதுகில் தட்டுபவன் மூன்றாமவன். நான்காமவனுக்கு அச்சமிருக்கிறது, ஆயினும் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்க மனமின்றிப் பின்னிருக்கையில் வாய்மூடி உட்காருகிறான். ஐந்தாமவன் ஓட்டுகிறான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து, மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் தொழிலாளி ஒருவர் எதிரே வருகிறார். பிறகு நடப்பதை நாம் எழுத வேண்டியதில்லை. நம் கதைகள் ஐந்தாமவனைப் பின்தொடர்ந்து சிறைச்சாலைக்குப் போய்விடுகின்றன. மற்ற நால்வரும் எங்கே போனார்கள்?

சட்டம் தன் வேலையைச் செய்திருக்கிறது. 2017 டிசம்பர் முதல் நாளிலிருந்து 21 வயது நிரம்பாதவருக்கு இந்நாட்டில் மது விற்கலாகாது. 17 வயதில் மோட்டார் ஓட்டும் உரிமம் கிடைக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்டு, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 80 மில்லி கிராம் என்றிருந்த மதுவின் வரம்பு 50 ஆகக் குறைக்கப்பட்டது. குடிபோதையில் வண்டியோட்டி ஓர் உயிரைப் போக்கியவனுக்கு, முதற் குற்றமாயினும், 10 முதல் 15 ஆண்டுவரை சிறையும், 50,000 முதல் 100,000 ரிங்கிட்வரை அபராதமும் உண்டு. இது கடுமையான சட்டம், வேண்டிய சட்டம். ஆனால் அது ஓட்டியவனின் இரத்தத்தை அளக்கிறதேயன்றி, உடனிருந்தவர்களின் நெஞ்சை அளக்க அதனிடம் கருவியில்லை. அந்த வேலை இலக்கியத்தைச் சேர்ந்தது. நம் இலக்கியம் அதைச் செய்திருக்கிறதா என்று பார்ப்போம்.

தமிழில் இப்பொருளுக்கு மிக நெருங்கிய கதை மனுநீதிச் சோழன் கதை. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தின் முகப்பிலேயே அதை வைத்தார். திருவாரூர் வீதியில் அரசகுமாரன் தேரேறிப் போகிறான். கன்று ஒன்று துள்ளி வந்து சக்கரத்தில் அகப்பட்டு மாள்கிறது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைக்கிறது. அரசன் தன் மகன்மேல் தானே தேரைச் செலுத்துகிறான். அந்த அரசகுமாரன் குடித்திருக்கவில்லை, வேண்டுமென்று கொல்லவுமில்லை. தேரை விட்டிறங்கி வீழ்ந்து புலம்பினான், ஓடி ஒளியவில்லை. இவ்வளவும் அவனுக்குப் பெருமையே.

ஆனால் அடுத்து அவன் நினைத்தது என்ன? தந்தையின் காதுக்கு இச்செய்தி எட்டுமுன், அந்தணர் விதிக்கும் பிராயச்சித்தத்தைச் செய்து முடித்துவிடலாம் என்பதே! சேக்கிழார் வாலிப மனத்தை நன்கு அறிந்தவர். குற்றம் நெஞ்சைச் சுடுகிறது. அதைவிட, வீட்டில் தெரிந்துவிடுமே என்ற அச்சம் அதிகமாகச் சுடுகிறது. அமைச்சர்களும் அதே வழியைத்தான் அரசனுக்குக் காட்டினார்கள். அச் சடங்கு இப்பசுவின் துயரை ஆற்றுமோ என்று அரசன் கேட்டான். அந்த ஒரு கேள்விக்காகவே இப்பகுதியை நம் பள்ளிகளில் வைத்துப் படிக்கலாம். இன்றும் விபத்து நடந்த மறுநாளே கோயிலுக்கு நேர்ந்துகொள்ளும் பெற்றோர், இறந்தவரின் வீட்டு வாசலுக்குப் போக எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறார்கள்?

இங்கே வாசகர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அரசகுமாரன் தனியே செல்லவில்லை. அரசிளங் குமரர்கள் சூழ்ந்துவர அவன் புறப்பட்டதாகச் சேக்கிழாரே பாடுகிறார். கன்று மாண்ட பின்னர் அந்த இளங்குமரர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை! அரசனுக்குச் செய்தி சொன்னவர் முதிர்ந்த அமைச்சர் ஒருவர். அரசனின் கட்டளையைச் செய்யமாட்டாமல் உயிர்விட்டவர் வேறோர் அமைச்சர். தேரைச் சூழ்ந்து ஆரவாரத்தோடு வந்த நண்பர்கள் மட்டும் காவியத்திலிருந்து மறைந்துவிட்டார்கள். இன்றைய நம் கதைகளில் அந்த நால்வரும் மறைவதற்கு முன்மாதிரி அன்றே ஏற்பட்டுவிட்டது போலும்!

மற்றொரு குறையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. புராணத்தின் முடிவில் இறைவன் தோன்ற, கன்றும் எழுகிறது, மகனும் எழுகிறான், அமைச்சரும் எழுகிறார். எல்லாம் சரியாகிவிடுகிறது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் முன் நின்ற கண்ணகியும் இதே சோழனைப் பேசுகிறாள். அவள் வாக்கில் மாண்டவர் எவரும் எழவில்லை. இளங்கோவின் துறவுள்ளம் அச்செய்தியைச் செய்தியாகவே விட்டுவிட்டது. நாம் இளங்கோவின் பக்கமே நிற்கிறோம். ஜெலுத்தோங் கடற்கரைச் சாலையில் மாண்டவர் எவரும் மீண்டெழுவதில்லை. மாண்டவர் எழுந்துவிட்டால் குற்றவுணர்வுக்கு வேலையேது? எழாதபோதுதான், இனி நான் என்ன செய்யக் கடவேன் என்ற கேள்வி பிறக்கிறது.

இதே கதை கடல்கடந்து இலங்கையிலும் வழங்குகிறது. பாலி மொழியில் எழுந்த மகாவம்சம், அநுராதபுரத்தில் 44 ஆண்டு அரசாண்ட எல்லாளன் என்னும் தமிழ் மன்னன்மேல் இதை ஏற்றிச் சொல்கிறது. அதோடு நில்லாமல் இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்கிறது. எல்லாளன் தேரில் செல்கையில், அதன் நுகத்தடி ஒரு பௌத்தத் தூபியில் இடித்துவிட்டது. உடன்வந்த அமைச்சர்கள், "அரசே, உம்மால் தூபி சேதமுற்றது" என்னும் கருத்துப்பட நேருக்கு நேரே சொன்னார்கள். அவன் இறங்கி வழியில் விழுந்து, தன் தலையையும் சக்கரத்தால் துண்டிக்கும்படி வேண்டினான். அவர்கள் அதற்கு உடன்படாமல், சேதமுற்றதைச் செப்பனிடும்படி கூறினார்கள். பெயர்ந்த கற்கள் 15. அவற்றுக்காக அவன் செலவிட்டது 15,000 காசு.

நாம் தேடிய உடன்சென்றவர்கள் இவர்களே. அரசனாயிற்றே என்று மழுப்பவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று தேரை விரட்டச் சொல்லவில்லை. அவன் வெறிகொண்டு தன்னைத்தானே அழித்துக்கொள்ளவும் விடவில்லை. உண்மையைச் சொன்னார்கள், பிறகு செய்யத்தக்கதைக் காட்டினார்கள். நட்பின் இலக்கணம் இதுதான். சிரித்துக் களிப்பதற்கன்று, நண்பன் எல்லை கடக்கும்போது இடித்துரைப்பதற்கே நட்பு என்று வள்ளுவர் சொன்னதும் இதையே.

எப்போது இடித்துரைப்பது என்பதற்கும் வள்ளுவரிடம் விடையுண்டு. குடித்து மயங்கியவனுக்கு நியாயம் சொல்வது, நீருக்குள் மூழ்கியவனைத் தீவட்டி பிடித்துத் தேடுவதை ஒக்கும் என்கிறார். ஆகவே சொல்ல வேண்டிய நேரம் புட்டி திறக்குமுன். செய்ய வேண்டிய நேரம் வண்டிச் சாவி அவன் கையிலிருந்து நம் கைக்கு வரக்கூடிய வரையில். அதற்குப்பின் பின்னிருக்கையில் உட்கார்ந்து அஞ்சுவதால் பயனில்லை.

நம் சீர்திருத்த எழுத்தையும் நாம் விட்டுவைக்கக் கூடாது. 1946-47-இல் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது நம் வரலாற்றில் ஒளிவீசும் பகுதி. அக்காலத்திலிருந்து நாம் குடியைப் பற்றி எழுதியதெல்லாம் ஒரு குடிகாரத் தகப்பனையும், அழும் மனைவியையும், பட்டினி கிடக்கும் பிள்ளைகளையும் பற்றியே. அது அன்று உண்மை. சம்சுவால் சீரழிந்த குடும்பங்களில் பின்னும் உண்மையாயிருந்தது. ஆனால் இன்று மோட்டாரில் இருப்பவன் படித்த பிள்ளை. அவன் குடிப்பது துயரை மறக்கவன்று, நண்பர் நடுவே ஆண்மகன் எனப்படவே. அவனுக்குப் பழைய பிரசங்கம் உறைக்காது. மேலும், பழந்தமிழர் குடியை வெறுத்தார்கள் என்று பொய் சொல்லியும் பயனில்லை. அதியமான் தன்னோடு கள்ளைப் பகிர்ந்துண்டதை ஔவை புறநானூற்றில் நெகிழ்ந்து பாடுகிறாள். உடன் குடிப்பது அங்கே அன்பின் அடையாளம். அந்த அன்பையே எடுத்து வேறு வேலைக்குத் திருப்ப வேண்டும்: உடன் குடிக்கிறவன் உடன் பொறுப்பேற்கட்டும்.

ஜப்பானில் 2007-இல் இதைச் சட்டமாகவே செய்தார்கள். ஓட்டுபவன் குடித்திருப்பதை அறிந்தும் தன்னை ஏற்றிச் செல்லக் கேட்டவனுக்கும், ஓட்டப்போகிறவனுக்கு மது கொடுத்தவனுக்கும், வண்டி கொடுத்தவனுக்கும் தண்டனை உண்டு. முந்திய ஆண்டு ஃபுக்குவோக்காவில் குடிபோதையில் ஓட்டியவனால் மூன்று குழந்தைகள் மாண்ட துயரமே அந்நாட்டை உலுக்கியது. இங்கும் அவ்வாறு சட்டம் வேண்டுமா என்பதைச் சட்டமறிந்தோர் ஆராயட்டும். நமக்குரிய கேள்வி வேறு.

அந்த நால்வரின் வீட்டில் மறுநாள் காலையில் நடப்பதை எண்ணுங்கள். "நீ தூங்கிக்கொண்டிருந்தாய், எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடு" என்கிறார் தகப்பனார். "எல்லாம் விதி" என்கிறாள் பாட்டி. "சிநேகிதனைக் காட்டிக்கொடுக்காதே" என்கிறார்கள் தோழர்கள். அன்பினால் சொல்லப்படும் இம்மூன்று சொற்களும் அவ்வாலிபனை ஆயுள் முழுவதும் பின்னிருக்கையிலேயே உட்காரவைத்துவிடுகின்றன. விதி என்றால் அவன் செய்தது ஒன்றுமில்லை. செய்தது ஒன்றுமில்லையென்றால் திருத்திக்கொள்ளவும் ஒன்றுமில்லை. மறுபுறம், நானே கொன்றேன் என்று தன்னைத் தானே வதைத்துக்கொள்வதும் உண்மையன்று. அவன் கொல்லவில்லை, தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. அந்த அளவே அவன் பங்கு. அதைக் கூட்டாமலும் குறைக்காமலும் ஏற்பதே பொறுப்பு. பழி, பங்கிட்டால் குறையும் பண்டமன்று: நால்வரின் பங்கினால் ஓட்டியவனின் குற்றம் இலேசாவதுமில்லை, ஓட்டியவன் சிறை செல்வதால் நால்வரின் கடன் தீர்வதுமில்லை.

ஆகையால் நம் இளம் எழுத்தாளர்களுக்கு நாம் சொல்வது இது. ஓட்டியவனின் கதையைப் போதுமான அளவு எழுதிவிட்டீர்கள். இனி அந்த நான்காமவனின் கதையை எழுதுங்கள். அச்சமிருந்தும் வாய்திறவாதவன் போலீஸ் நிலையத்தின் படியேறி நடந்ததை நடந்தபடி சொல்லிய நாளை எழுதுங்கள். அவன் மாண்ட தொழிலாளியின் வீட்டுக் கதவைத் தட்ட நின்றதையும், உள்ளிருந்து வந்த அந்த அம்மாளிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றதையும் எழுதுங்கள். அவள் மன்னித்தாளா என்பது கதைக்கு வேண்டியதில்லை. அவன் அங்கே போனானா என்பதே வேண்டியது.