செயலேற்பி: ஒரு சொல்லாய்வு

கலைச்சொல் பொருளை விளக்க வேண்டும், மறைத்தல் கூடாது. தமிழ்நாட்டுக் கணினிப் பாடநூல்கள் 'ஆபரண்ட்' என்பதற்கு வழங்கும் 'செயலேற்பி' என்னும் சொல்லை இவ்வளவுகோல் கொண்டு நோக்குவோம். 'செயற்குறி'யோடு இணைந்து நிற்கும் இச்சொல் சுருக்கமானது. 'அ + ஆ' என்னும் கணக்கில் கூட்டலை ஏற்கும் அ, ஆ இரண்டிற்கும் அது நன்கு பொருந்தும். பொறிக்கட்டளைக்கு வரும்போதே இடர்ப்பாடு தோன்றுகிறது.

2010-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தோன்றிய ரிஸ்க்-ஃபைவ் கட்டளைமுறையைக் காண்க. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய 'சக்தி' செயலியும் இம்முறையினதே. இதன் அடிப்படைக் கட்டளை ஒவ்வொன்றும் 32 பிட்டுகள் உடையது. பதிவகங்களும் 32 ஆதலின், ஒரு பதிவகத்தைச் சுட்ட 5 பிட்டுகள் போதும்.

'6ஆம் எண் பதிவகத்தில் உள்ளதோடு 7ஆம் எண் பதிவகத்தில் உள்ளதைக் கூட்டி, 5ஆம் எண் பதிவகத்தில் வை' என்பது ஒரு கட்டளை. '6ஆம் எண் பதிவகத்தில் உள்ளதோடு 7 என்னும் எண்ணைக் கூட்டி, 5ஆம் எண் பதிவகத்தில் வை' என்பது மற்றொன்று. இவ்விரண்டின் 32 பிட்டுகளுள் வேறுபடுவது ஒன்றே ஒன்று! அதனால், ஒரே இடத்தில் நிற்கும் 00111 என்னும் குறி, முன்னதில் இடத்தைச் சுட்டுகிறது. பின்னதில் தானே எண்ணாகிறது.

இவ்வேறுபாட்டைச் 'செயலேற்பி' காட்டுகிறதா? இல்லை. எடுக்கும் இடம், சேர்க்கும் இடம், நேரே தந்த எண் ஆகிய மூன்றையும் அது ஒரே பெயரில் அடக்கிவிடுகிறது. சேர்க்கும் இடம் கூட்டலை ஏற்பதில்லை, விடையையே ஏற்கிறது. தொல்காப்பியமோ வினைக்குரியனவற்றுள் செயப்படுபொருளையும் நிலத்தையும் வேறுவேறாகவே எண்ணுகிறது. தோட்டத்து லயத்தை அறிந்தவர்க்கும் 'ஏழு வீடு' வேறு, 'ஏழாம் வீடு' வேறு, ஏழாம் வீட்டில் இருப்பது வேறு. 'ஆம்' என்னும் ஒட்டு செய்யும் வேலையையே கட்டளையில் அந்த ஒரு பிட்டு செய்கிறது.

இது வெறும் சொற்பூசல் அன்று. பேராக் மாநிலத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயிலும் மாணவன், அரசு இடைநிலைப்பள்ளியில் கணினியை மலாய்மொழி வாயிலாகக் கற்கிறான். பின்னொருநாள் தமிழ்நூலில் இச்சொல்லைக் காணும்போது, விளக்கிச் சொல்ல ஆசிரியர் அருகில் இரார். சொல்லே ஆசிரியராதல் வேண்டும்.

ஆதலின் 'செயலேற்பி'யைத் தள்ளவேண்டுவதில்லை. அதனைப் பொதுப்பெயராக நிறுத்தி, அதன்கீழ் 'எடுப்பிடம்', 'சேர்விடம்', 'நேரெண்' எனச் சிறப்புப்பெயர்களை வகுத்தல் தகும். இவற்றினும் சிறந்த சொற்கள் கிடைப்பின் அவற்றையே கொள்க. இடத்தையும் பொருளையும் மயங்கவிடாமை ஒன்றே இன்றியமையாதது.