வண்டிக்காரனுக்கு ஒரு சீட்டு

சிகிரியாவில் படமெடுத்தார்கள் என்றால் மாத்தளைக்காரருக்கு அது சொந்தப் படம். 1974இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய 'த கோட் கிங்' படத்தை அந்த ஆசையோடுதான் பார்த்தேன். தகப்பன் தாதுசேனனைக் கொன்று அரசேறிய காசியப்பனின் கதை. பிரித்தானியக் கூட்டுத் தயாரிப்பு. காசியப்பனாக லீ லோசன். சிகிரியாக் குன்று அசல்தான். அரசவையோ லண்டன் நாடக மேடையிலிருந்து இறங்கி வந்ததுபோல ஆங்கிலத்தில் பேசுகிறது. 'கம்பெரலிய' படத்தை எடுத்த கை இதுதானா என்று கேட்க வைக்கிறது.

மூலக் கதையை அறிந்தவருக்கு ஏமாற்றம் இன்னும் கூடும். இலங்கை அரசர்களின் பழைய வரலாற்று நூலான சூளவம்சத்தை எழுதிய பிக்கு இந்தச் சதியைச் சொல்லியிருக்கும் நேர்த்தி அப்படி.

சதி ஒரு துணியில் தொடங்குகிறது. தாதுசேனனின் மகளை மணந்தவன் சேனாபதி மிகாரன், அரசனின் சகோதரி மகனும்கூட. குற்றமேதும் இல்லாமல் அவளைத் தொடையில் சவுக்கால் அடித்துவிடுகிறான். மகளின் உடையில் இரத்தத்தைக் கண்ட அரசன், மிகாரனின் தாயை எரித்துக் கொல்விக்கிறான். அவள் தன் உடன்பிறப்பு என்பதை நூலாசிரியர் உரக்கச் சொல்வதில்லை, நாமே முறை கூட்டிப் பார்த்துத் திடுக்கிட வேண்டும். மிகாரன் அதன்பின் போய்ச் சேர்ந்த இடம் காசியப்பன். பட்டத்துக்குரிய மற்ற மகன் முகலன் இந்தியாவுக்குத் தப்பியோடுகிறான். கிழவன் சிறையில்.

நான் திரும்பத் திரும்ப வாசிப்பது இதற்கடுத்த இடத்தை. அரசன் முகலனுக்காகப் புதையல் ஒளித்து வைத்திருப்பதாக மிகாரன் தூண்டிவிட, காசியப்பன் ஆளனுப்பிக் கேட்கிறான். தான் கட்டுவித்த கலாவாவிக் குளத்துக்குக் கூட்டிப்போனால் காட்டுகிறேன் என்கிறான் தாதுசேனன். போகும் வழியில் வண்டியோட்டி வறுத்த தானியம் தின்கிறான், அரசனுக்கும் கொஞ்சம் கொடுக்கிறான். தாதுசேனன் அதைத் தின்று மகிழ்ந்து, இவனுக்கு வாயிற்காவல் தலைமை கொடுக்கும்படி முகலனுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறான். முடி போனாலும் சன்மானம் கொடுக்கும் பழக்கம் போகவில்லை. அதோடு, அந்தச் சீட்டு செல்லுபடியாக வேண்டுமானால் முகலன் அரியணையில் இருந்தாக வேண்டும்! கொல்லப்படப் போகிறவன் தன் நம்பிக்கையை ஒரு வண்டிக்காரனின் வேலை உத்தரவுக்குள் வைத்துப் போகிறான். எந்தத் திரைக்கதாசிரியருக்கு இது தோன்றும்?

கலாவாவியில் இறங்கி நீராடி, தண்ணீர் குடித்து, தன் செல்வம் முழுதும் இதுவே என்று காட்டுகிறான். இதை வெறும் தத்துவமாக வாசித்தால் பாதி நயம் போய்விடும். அந்த வாவியிலிருந்து அநுராதபுரத்துக்கு ஓடும் யோத எல கால்வாய் சுமார் 87 கிலோமீற்றர் நீளம். முதல் 17 மைலில் மைலுக்கு ஏறத்தாழ ஆறு அங்குலச் சரிவுதான். அப்படிப்பட்ட நீர்வேலையைச் செய்வித்தவன் தண்ணீரைச் சொத்தென்று காட்டினால் அது கணக்குச் சரியான சொத்து. கொலையாளிகளுக்கு அது ஏமாற்றாகப் பட்டது. அரசனை விலங்கிட்டுச் சுவருக்குள் நிறுத்தி மண்ணால் பூசிவிட்டார்கள். வாவிக் கட்டு எழும்பியபோது தியானத்திலிருந்த ஒரு பிக்குவை அரசன் மண்ணால் மூடுவித்ததன் பலன் இது என்று நூலாசிரியர் ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறார். அவருக்குக் கணக்கில் பாக்கி பிடிக்காது.

காசியப்பன் ஆட்சியின் பதினெட்டாம் ஆண்டில் முகலன் படையோடு திரும்பினான். சேற்று நிலத்தைக் கண்டு காசியப்பனின் யானை திரும்ப, அரசன் ஓடுகிறான் என்று நினைத்துப் படை கலைந்தது. காசியப்பன் தன் கழுத்தை அறுத்து, கத்தியை உயர்த்தி, மறுபடி உறையில் போட்டான் என்கிறது நூல். அறுத்த கழுத்தோடு உறை தேட முடியுமா என்று மருத்துவர் கேட்கலாம். தந்தையைக் கொன்றவன் என்று வசைபாடிய அதே ஏடு, அவனுக்குக் கடைசியில் அந்த உறையைத் தர மனம் வைத்ததே, அதைத்தான் பாராட்ட வேண்டும்.

படத்தைக் குன்றுக்காக ஒருமுறை பார்க்கலாம். கதைக்குச் சூளவம்சத்தின் 38ஆம், 39ஆம் அத்தியாயங்களை எடுங்கள். ஒரு மாலைப்பொழுது போதும்.