தனி ராஜ்யம்

2024-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ‘சக்தி’ குழுவினரின் ‘திஸ் மொமென்ட்’ இசைத்தட்டுக்கு அமெரிக்கர்களின் கிராமி விருது கிடைத்தது. ஜான் மெக்லாஃப்லின், ஜாகிர் உசேன், சங்கர் மகாதேவன், கணேஷ் ராஜகோபாலன் என்னும் நால்வரோடு அக்குழுவில் ஐந்தாமவராக இருந்த வி. செல்வகணேஷின் வாத்தியம் கஞ்சிராவாகவும், கஞ்சிராவைக் கச்சேரிக்குரிய வாத்தியமாக ஆக்கிய கீர்த்தி புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளைக்கு உரியதாகவும் இருக்கிறபடியால், அவருடைய லயம் உலகத்தை ஜெயித்துவிட்டது, இனிமேல் ராக் கோஷ்டியின் டிரம் வித்வானும் நம்மிடம்தான் கணக்குக் கற்க வரவேண்டும் என்ற பேச்சு அன்று முதல் என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. அபிமானம் நல்லதுதான், ஆனால் அபிமானம் எதை நிரூபணமாகக் காட்டுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

விருது பெற்றவருடைய சாமர்த்தியத்தில் எனக்கு ஸந்தேகமில்லை. 2002-இல் மறைந்த கஞ்சிரா வித்வான் ஹரிசங்கர் ஒரு கையால் காட்டிய அதிசயங்களுக்குப் பிறகு, கஞ்சிரா உப பக்கவாத்தியம் என்று இளப்பமாகச் சொல்லும் துணிவு யாருக்கும் கிடையாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தால் உடும்புத் தோலுக்குக் காலம் முடிந்து, ஆட்டுத் தோலும் செயற்கைத் தோலும் வந்த பின்பும் அந்த வாத்தியம் பிழைத்துக்கொண்டது. (உடும்புக்கும் அது நல்ல காலமே.) இவையெல்லாம் வாஸ்தவம். என் வழக்கு வேறு. புதுக்கோட்டைப் பரம்பரையின் பெயரால் இன்று உலகமெங்கும் கைதட்டல் வாங்குவது அந்தப் பரம்பரையின் மேலான அம்சம் அன்று, அதன் நோய் என்று நான் வெகு நாளாகச் சொல்லி வருகிறேன். விருது வந்ததனால் அதை மாற்றிச் சொல்ல வேண்டிய அவசியம் நேரவில்லை.

மாரியப்பத் தவில்காரரிடம் சிக்ஷை பெற்ற மான்பூண்டியா பிள்ளை, அரண்மனையில் விளக்கேற்றும் ஊழியம் பார்த்தவர் என்று சொல்வார்கள். தவிலின் விவகாரம் முழுவதையும் தெருவில் பஜனைக்கு உதவிக்கொண்டிருந்த ஒரு சிறு பறையில் இறக்கி வைத்தார் அவர். அந்தப் பறைதான் எவ்வளவு அற்பமான பண்டம்! பலாமரச் சட்டம் ஒன்று, அதன் ஒரு புறம் மட்டும் தோல், சட்டத்தில் ஒரே ஒரு பிளவு, பிளவில் இரண்டொரு காசு. தோலின் உட்புறத்தில் நீரைத் தடவித் தளர்த்தி, பிடித்திருக்கும் இடது கை விரல்களால் ஓரத்தை அழுத்தியும் விட்டும் கொடுத்தால்தான் அதிலிருந்து மேடைக்கு ஏற்ற கும்காரம் பிறக்கும். நீர் காய்ந்தால் தகரத்தைத் தட்டினாற்போல் கேட்கும். இத்தகைய பண்டத்தில் நாதத்தைக் கண்டெடுத்ததே மான்பூண்டியா பிள்ளையின் பெருமையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நமக்கு வந்து சேர்ந்த கதைகளில் நாதம் இல்லை. தஞ்சாவூரில் நாராயணசாமி அப்பாவின் மிருதங்கத்துக்கு எதிரே உட்கார்ந்து அவர் வாசித்த சம்பவத்தை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லுகிறார்கள். எப்படிச் சொன்னாலும் அது ஒரு மல்யுத்தத்தின் கதையாகவே முடிகிறது. 1922-இல் அவர் காலமானார். அந்நாளைய கிராமபோன் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துச் சொச்சந்தான் பிடிக்கும். ஆகையால் கைவாசனையைக் காப்பாற்ற வழியில்லாமல் போயிற்று. வாய்வழியாக எவை தப்பிப் பிழைக்கும்? வெற்றி தோல்விகளும் எண்களும்தான். அவற்றையே நாம் பரம்பரை என்று பூஜை செய்கிறோம்.

எண் என்று நான் சொல்வது எது என்பதையும் காட்டிவிடலாம். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் சதுஸ்ர நடையில் 32 மாத்திரை. ‘ததிங்கிணதொம்’ என்னும் ஐந்து மாத்திரைச் சொல்லை மூன்று தரம் வைத்து, நடுவே இரண்டு இடங்களில் ஒவ்வொரு மாத்திரை கார்வை கொடுத்தால் மொத்தம் 17 ஆகிறது. ஸமத்திலிருந்து 15 மாத்திரை கழித்து இதைத் தொடங்கினால் அடுத்த ஸமத்தில் வந்து விழும். பாட்டின் எடுப்பு அரை இடம் தள்ளியிருந்தால் 17 கழித்துத் தொடங்க வேண்டும். இவ்வளவுதான் மோரா என்னும் முத்தாய்ப்பின் ரகஸ்யம். ஐந்தை ஏழாக்குவதும், கார்வையைப் பெருக்குவதும், மூன்று நடைகளில் அடுக்கிக் கோர்வை செய்வதும், குறைப்பில் எட்டிலிருந்து நாலுக்கும் நாலிலிருந்து இரண்டுக்கும் இறங்குவதும் இதே காரியத்தின் விஸ்தாரங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் கூட்டல் தெரிந்த பையனும் போதும். பாடுகிறவர் மேல் ஷட்ஜத்தில் நிற்கும்போது மிருதங்கத்தின் தொப்பி எவ்வளவு கனமாக விழ வேண்டும், அநுபல்லவி முடிகிற இடத்தில் வாசிக்காமல் இருக்க வேண்டியது எத்தனை அக்ஷரம், பதத்துக்கு வாசிக்கும் கை கிருதிக்கு வாசிக்கும் கையிலிருந்து எப்படி வேறுபட வேண்டும் என்பதை எந்த நோட்டுப் புத்தகமும் ஏற்றுக்கொள்ளாது. இறக்குமதிக்கும் ஏற்றுமதிக்கும் தோதான சரக்கு கணக்கு ஒன்றுதான். கப்பலேறிப் போனதும் அதுதான்.

இந்தக் கேடு நேற்று வந்ததன்று. காஞ்சீபுரம் நாயனாப் பிள்ளை தம் கச்சேரிகளில் மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று ஒரு பட்டாளத்தையே உட்கார்த்தி, ‘ஃபுல் பெஞ்ச்’ என்று பெயர் வாங்கினாரே, அந்தப் பெஞ்சில் கஞ்சிராவோடு கம்பீரமாக வீற்றிருந்தவர் மான்பூண்டியா பிள்ளையின் பிரதம சிஷ்யரான புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை. 1875-இல் பிறந்து 1936 வரை வாழ்ந்த அந்த மஹாவித்வான், மிருதங்கம் கஞ்சிரா இரண்டிலும் ஸமானமில்லாதவர் என்பதை மறுப்பாரில்லை. ஆயினும் பாட்டுக் கச்சேரி என்பது பாடகரைச் சுற்றி வளைத்துக்கொண்டு நடக்கும் விசாரணை என்ற எண்ணத்தை ஜனங்களின் மனத்தில் ஊன்றியது அந்தப் பெஞ்சுதான். பல்லவியில் பாடகரை மடக்குவது, பக்கத்து வித்வானை மடக்குவது, கடைசியில் தாளம் போடும் ரஸிகரை மடக்குவது: இதற்குப் பெயர் லய ஞானம்! புதுக்கோட்டை ஸமஸ்தானம் 1948-இல் இந்தியாவோடு இணைந்துவிட்டது; அதன் வாத்தியக்காரர்கள் பாட்டுக்கு உள்ளே நிறுவிய ஸமஸ்தானம் இன்னும் இணைய மறுக்கிறது. பாட்டை நிறுத்திவிட்டு அவர்கள் மட்டும் வாசிக்கும் அதற்குத் தனி ஆவர்த்தனம் என்று பெயர்.

‘ராக் கோஷ்டியில் இல்லையா, அவர்களும் தனியாக வாசித்துக் கைதட்டல் வாங்குகிறார்களே’ என்பார்கள். உண்டு. லெட் ஸெப்பெலின் கோஷ்டியின் ஜான் பானம், ‘மோபி டிக்’ என்ற உருப்படியில் மற்றவர்களை மேடையைவிட்டு இறக்கிவிட்டு இருபது நிமிஷத்துக்கு மேலும் டிரம் வாசித்தது உண்டு. அமெரிக்க ராக் உலகத்தில் கிரேட்ஃபுல் டெட் கோஷ்டியின் மிக்கி ஹார்ட் 1991-இல் வெளியிட்ட ‘பிளானெட் டிரம்’ தட்டில் நம் விக்கு விநாயக்ராமின் கடமும் சேர்ந்தது. அந்த உலகம் நம்மிடம் கண்டு மயங்கியதும் இந்தத் தனியைத்தான். பாட்டின் ஸாஹித்யம் தெரியாதவனுக்கு வேறு எதில் மயங்க முடியும்? ஆனால் அதே உலகத்தில் இன்னொரு வம்சமும் இருந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் கோஷ்டியில் ஐம்பத்தெட்டு வருஷம் உட்கார்ந்து 2021-இல் மறைந்த சார்லி வாட்ஸுக்குத் தனி வாசிப்பு என்றாலே பிடிக்காது. பீட்டில்ஸ் கோஷ்டியின் ரிங்கோ ஸ்டார், தம் கோஷ்டி பதிவு செய்த அத்தனை பாட்டுகளுக்கும் சேர்த்து, 1969-இல் ‘ஆபி ரோட்’ தட்டின் ‘தி எண்ட்’ என்ற பாட்டில் ஒரே ஒரு தனி வாசித்தார். அதுவும் சில விநாடிகள். அந்த இருவரையும் டிரம் தெரியாதவர்கள் என்று சொல்ல யாரும் இல்லை. நம்முடைய அபிமானிகள் பானத்தோடு உறவு கொண்டாடுகிறார்களே தவிர வாட்ஸோடு கொண்டாடுவதில்லை.

வாட்ஸோடு உறவு கொண்டாடத் தகுந்தவர் நமக்கு இல்லாமலா போனார்? தட்சிணாமூர்த்தி பிள்ளையின் சிஷ்யர், மான்பூண்டியா பிள்ளையிடம் பயின்ற முத்தையா பிள்ளையின் புதல்வர், பழனி சுப்பிரமணிய பிள்ளை இருந்தார். இடது கைக்காரர். அவர் உட்கார்ந்தால் பிடில் வித்வான் தமது வழக்கமான இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குச் சம்மதிக்காதவர்களால் அவருக்கு ஆரம்பத்தில் மேடைகள் கிடைக்கவில்லை. செம்பை வைத்தியநாத பாகவதர் பிடிவாதமாக அவரை வைத்துக்கொண்டு வாசிக்கச் செய்யாதிருந்தால் அந்தக் கை நமக்குக் கிட்டியிராது. பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் வாசிக்கும் மேடைகளில் அவர் கஞ்சிராவைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததும் உண்டு. குருகுலத்துக் கணக்கு முழுவதும் அவருக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. ஆனால் அவருடைய தொப்பியின் நாதத்தைத்தான் கேட்டவர்கள் பேசுகிறார்கள். கணக்கு எங்கே தொடங்கியது என்று தெரியாமல் பாட்டுக்குள்ளிருந்தே கிளம்பும், பாட்டுக்குள்ளேயே அடங்கும். ஆலத்தூர் சகோதரர்களின் லயக் கட்டு மிகுந்த பாட்டுக்கு அவர் வாசித்ததைக் கேட்டால், விவகாரமும் ஸௌக்யமும் சத்ருக்கள் அல்ல என்பது விளங்கும். அவர் 1962-இல் காலமானார். புதுக்கோட்டை வழி என்று இன்று மேடைக்கு மேடை பேசுகிறவர்கள் அவருடைய கோர்வைகளைப் பாடம் செய்தார்கள், மௌனங்களை விட்டுவிட்டார்கள்.

எனக்கு எதிராகச் சொல்லப்படும் ஒரே வலுவான வாதம், தனி இல்லாவிட்டால் பக்கவாத்தியக்காரனுக்கு மரியாதை ஏது என்பது. சென்னை மியூசிக் அகாடமி ஒரு மிருதங்க வித்வானுக்கு முதல் தடவையாக ஸங்கீத கலாநிதி பட்டம் அளிக்க 1966 வரை காத்திருந்தது என்பதைப் பார்க்கையில் அந்த மனக்குறையின் நியாயம் தெரிகிறது. ஆனால் அன்று பட்டம் பெற்ற மணி ஐயர் அதை எதனால் சம்பாதித்தார்? கீர்த்தனத்தின் ஒவ்வொரு சங்கதிக்கும் அணைந்து வாசித்த அநுசரணையால். தனியோ, பாதி ஸபை காபிக்கு எழுந்து போகும் கால் மணி நேரம்; அதைக் கௌரவம் என்று ஏற்றுக்கொண்டு, கௌரவம் போதவில்லை என்று அதையே அரை மணியாக நீட்டுகிறார்கள். வர்ணம் தொடங்கி மங்களம் வரை வாசிக்கிற வாசிப்புக்குப் பாடகரோடு ஒத்த சம்பாவனையும், கச்சேரி நோட்டீஸில் அவர் பெயருக்கு ஒத்த எழுத்தும் வேண்டுமென்று லய வித்வான்கள் கேட்கட்டும். நானும் அவர்கள் பக்கம் நின்று எழுதுகிறேன். அந்தக் கோரிக்கையை ஸபைகள் ஏற்றுக்கொண்ட மறுநாளே தனியை ஐந்து நிமிஷத்துக்குள் முடித்துக்கொள்ள அவர்கள் இசைவார்களா என்பதுதான் என் சந்தேகம்.