மொழி மட்டுமே வாசலா?

சாகித்திய அகாதெமியின் நூல்களை இணையத்தில் தேடி எடுப்பது சிரமம் என்று யாராவது சொன்னால் ஆயத்தமான பதில் ஒன்று வரும். 24 மொழிகளில் பதிப்பிக்கும் நிறுவனம் நூல்களை மொழிவாரியாகத்தானே அடுக்க முடியும்? தில்லி மந்திர் மார்க்கில் ‘ஸ்வாதி’ கட்டடத்தில் இயங்கும் அகாதெமியின் விற்பனைப் பிரிவுக்கு இந்த ஒழுங்கு வசதியானதுதான். தமிழ் நூல்கள் ஓர் அலமாரியில், வங்க நூல்கள் வேறோர் அலமாரியில் இருந்தால் கையை நீட்டி எடுத்துவிடலாம். அந்த அலமாரி வரிசையை அப்படியே இணையக் கடையின் மெனுவாக்கி, அதுவே இந்தியத் தன்மை கொண்ட ஒழுங்கு என்று வாதாடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

மொழிவாரி மெனுவுக்கு நன்மை இல்லாமல் இல்லை. போடோவும் சந்தாலியும் 2003இல் நிறைவேறிய 92ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால்தான் எட்டாவது அட்டவணைக்குள் வந்தன. விற்பனை எண்ணிக்கையை வைத்து முகப்பை அமைக்கும் கடையில் அம்மொழி நூல்கள் கண்ணில் படவே வாய்ப்பில்லை. மொழிவாரி மெனுவில் சந்தாலிக்கும் இந்திக்கும் ஒரே அளவு இடம். மொத்தமாக நூல் வாங்கும் நூலகருக்கும் இது எளிது.

ஆனால் அகாதெமி எதற்காக இருக்கிறது? 1954இல் தொடங்கிய நாளிலிருந்து அது செய்துவரும் பணிகளில் தனியார் பதிப்பகங்கள் எளிதில் செய்ய முடியாதது, ஓர் இந்திய மொழியின் இலக்கியத்தை இன்னோர் இந்திய மொழிக்குக் கொண்டுசெல்வது. தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ 1957இல் அகாதெமி விருது பெற்றது. சுந்தர ராமசாமியின் தமிழாக்கத்தை அகாதெமியே வெளியிட்டது. தாராசங்கர் பந்தோபாத்யாயவின் ‘ஆரோக்கிய நிகேதனம்’ த. நா. குமாரசாமியால் தமிழுக்கு வந்தது. சிவராம காரந்தின் ‘மண்ணும் மனிதரும்’ தி. ப. சித்தலிங்கையாவால் வந்தது. தமிழ் வாசகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிப் படித்த நூல்கள் இவை.

மொழிவாரி மெனுவில் இவை மூன்றும் ‘தமிழ்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் விழுகின்றன. மலையாளத்திலிருந்து வந்தது, வங்கத்திலிருந்து வந்தது, கன்னடத்திலிருந்து வந்தது என்ற வேறுபாடு மெனுவில் இல்லை. ‘ஆரோக்கிய நிகேதன’த்தைப் படித்து நெகிழ்ந்த ஒருவர் அடுத்து என்ன கேட்பார்? வங்கத்திலிருந்து தமிழுக்கு வந்த வேறு நாவல்கள் எவை, த. நா. குமாரசாமி வேறு எதை மொழிபெயர்த்திருக்கிறார், தாராசங்கரின் வேறு நூல் எந்த மொழியிலாவது கிடைக்குமா என்று கேட்பார். மூன்றுமே இயல்பான கேள்விகள். மொழியை மட்டும் வாசலாகக் கொண்ட கடையில் மூன்றுக்கும் பதில் இல்லை. நூலின் பெயர் முன்பே தெரிந்தவருக்கு மட்டுமே நூல் கிடைக்கிறது. தெரியாதவர் நூற்றுக்கணக்கான தலைப்புகளை வரிசையாக உருட்டிப் பார்க்க வேண்டும்.

எதிர்த்திசையில், தமிழிலிருந்து பிற மொழிகளுக்குப் போன நூல்களின் நிலைமை இன்னும் மோசம். அதே மந்திர் மார்க்கில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று இருக்கிறது. தில்லியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசுவார்கள், தடையில்லாமல் படிப்பது இந்தியிலோ ஆங்கிலத்திலோதான். தமிழ் நாவல்களில் எவை இந்தியில் வந்திருக்கின்றன என்று அப்படி ஒரு மாணவி தேடினால், ‘தமிழ்’ என்ற வாசலுக்குள் அவை இருக்காது. ‘இந்தி’ என்ற பெருங்கடலுக்குள், மூலம் தமிழ் என்ற அடையாளமே இல்லாமல் கிடக்கும். விருது பெற்ற நூல்களைப் பிற மொழிகளுக்குக் கொண்டுபோவது அகாதெமியின் நெடுநாள் வழக்கம். மக்கள் பணத்தில் மொழிபெயர்த்து, அச்சிட்டு, கடைசியில் கடையின் மெனுவில் தொலைத்துவிடுகிறார்கள்.

இது எப்படி நேர்கிறது என்பதில் புதிர் இல்லை. அகாதெமியில் ஒவ்வொரு மொழிக்கும் ஓர் ஆலோசனைக் குழு உண்டு. எந்த நூலை வெளியிடுவது என்ற பேச்சு அங்கே தொடங்குகிறது. அலுவலகக் கோப்பு எப்படிப் பிரிந்திருக்கிறதோ அப்படியே கடையும் பிரிகிறது. அரசு சார்ந்த இன்னொரு பதிப்பு நிறுவனமான நேஷனல் புக் டிரஸ்டும் இதே தவறைத் தொடர் பெயர்களின் வழியே செய்திருக்கிறது. குர்ரதுலைன் ஹைதரின் உருது நாவல் சௌரியின் தமிழாக்கத்தில் ‘அக்னி நதி’யாக வந்த தொடரின் பெயர் ‘ஆதான் பிரதான்’ (கொடுக்கல் வாங்கல்). அந்தப் பெயரைக் கேட்டு உள்ளே போய்த் தேட வேண்டும் என்று எந்தத் தமிழ் வாசகருக்குத் தோன்றும்?

இந்தச் சிக்கலுக்கு வழி சொன்னவர் வெளிநாட்டுக்காரர் அல்லர், சீர்காழிக்காரர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக 1924இல் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன் லண்டனுக்குப் படிக்கப் போனபோது, செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையில் மெக்கானோ பொம்மைத் துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டி வெவ்வேறு உருவங்கள் செய்து காட்டுவதைக் கண்டார். நூலுக்கு ஒரே ஒரு நிலையான இடம் தேவையில்லை, அதன் பல முகங்களைத் தனித்தனியே குறித்துவைத்து வேண்டியபடி இணைக்கலாம் என்ற எண்ணம் அதிலிருந்து வளர்ந்தது. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை அதன் விளைவு. இன்று இணையக் கடைகளில் விலை, நிறம், அளவு என்று சலித்தெடுக்க வைத்திருக்கும் வசதியின் அடிப்படை எண்ணமும் இதுவே. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதை நூலகத்தின் ஐந்து விதிகளுள் ஒன்றாக 1931இலேயே அவர் எழுதிவைத்தார். 1947 முதல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் இருந்து கற்பித்தார். அவர் பாடம் நடத்திய நகரத்திலேயே, தேசத்தின் இலக்கிய நிறுவனம் தன் நூல்களுக்கு ஒற்றை முகம்தான் உண்டு என்று நடந்துகொள்வது வருத்தத்துக்குரியது.

அரசு சார்ந்த தளத்துக்குக் கட்டாயங்கள் பல என்று ஒரு சமாதானம் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 4ஆவது பிரிவு சில தகவல்களைத் தானாகவே வெளியிடச் சொல்கிறது. டெண்டர் அறிவிப்புக்கும் இடம் வேண்டும். 2020இல் வந்த மின்வணிக விதிகள் திருப்பி அனுப்புதல், பணம் திரும்பப் பெறுதல், குறைதீர்க்கும் அலுவலர் பற்றிய விவரங்களைக் காட்டச் சொல்கின்றன. எல்லாம் சரி. இவற்றுக்குப் பக்கத்தின் அடியில் ஒரு வரிசை போதும். நூலாசிரியர் பெயரையும் மொழிபெயர்ப்பாளர் பெயரையும் மெனுவில் வைக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பனுவல் போன்ற தமிழ் இணையப் புத்தகக் கடைகளில் நூலாசிரியர் வழியாகவும் பதிப்பகம் வழியாகவும் உள்ளே நுழைய முடிகிறது.

மொழி என்ற வாசலை மூடச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் மூல மொழி, மூல ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் என்று மூன்று வாசல்களைத் திறக்கச் சொல்கிறோம். இதற்குப் புதிய ஆய்வு எதுவும் வேண்டாம். மூன்று விவரங்களும் ஒவ்வொரு நூலின் முதல் சில பக்கங்களிலேயே அச்சாகியிருக்கின்றன. மொழிபெயர்ப்புக்கென்று அகாதெமி 1989 முதல் தனிப்பரிசே வழங்குகிறது. பரிசுப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளருக்குப் பெயர் உண்டு, ஆண்டு உண்டு. அந்தப் பெயரைச் சொடுக்கினால் அவர் மொழிபெயர்த்து அகாதெமி வெளியிட்ட நூல்களெல்லாம் விலையோடு வந்து நிற்க வேண்டும். தமிழ்ப் பட்டியலிலிருந்தே இந்த வேலையைத் தொடங்கலாம்.