மனமே என்னும் விளி

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் ‘இயேசுவையே துதிசெய்’ கீர்த்தனைக்கு வழிவழியாகச் சொல்லப்படும் பிறப்புக் கதை ஒன்று உண்டு. ‘பெத்லகேம் குறவஞ்சி’யின் சுவையறிந்த சரபோஜி மன்னர், பிரகதீஸ்வரர் மீதும் அப்படி ஒன்று பாடித் தரும்படி கேட்டாராம். சாஸ்திரியார் தந்த மறுமொழிதான் இந்தப் பாட்டு. இருவருமே ஷ்வார்ட்ஸ் பாதிரியாரின் நிழலில் படித்தவர்கள். ஆனாலும் கேட்டவர் அரசர், பாடியவர் அவரை அண்டி வாழ்ந்த புலவர்.

பாட்டின் நயம் அதன் விளியில் இருக்கிறது. மன்னரை நோக்கி அதில் ஒரு சொல்கூட இல்லை; கவிஞர் தம் மனத்தோடுதான் பேசுகிறார். அதே சரபோஜியின் அழைப்பை மறுத்துத் தியாகராஜர் பாடியதாகச் சொல்லப்படும் ‘நிதி சால சுகமா’வும் மனத்தை விளித்தே கேட்கிறது. தியாகராஜர் வாழ்ந்த திருவையாற்றுக்கும் தஞ்சைக்கும் அதிக தூரமில்லை. ஒரே காலத்து இரு பக்தர்கள் அரசனுக்கு ‘இல்லை’ என்று சொல்ல ஒரே வழியைக் கைக்கொண்டார்கள் என்பது கர்நாடக இசை ரசிகர்கள் கவனிக்க வேண்டியது.

சாஸ்திரியார் 1774-இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து 1864 வரை வாழ்ந்தவர். (மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு, அவர் பிறந்தது 1826-இல்.) 1820களின் இறுதியில் புதிதாக வந்த மிஷனரிகளோடு அவருக்குப் பெரும் பூசல் மூண்டது. பழைய பாட்டு வழக்கங்களுக்காகவும் வாதாடினார், சபையில் சாதிவாரியாக உட்காரும் முறைக்காகவும் வாதாடினார். முன்னதில் நியாயம் அவர் பக்கம் இருந்தது, பின்னதில் இல்லை.

ஏட்டிலும் வாய்மொழியிலும் உலவிய கீர்த்தனைகள் பொதுவழிபாட்டுக்குரிய நூலாகத் திரண்டது 1853-இல். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தொகுத்த அந்த நூலில் சாஸ்திரியாரின் பாடல்கள் இடம்பெற்றன. கீர்த்தனைப் புத்தகங்கள் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகமும் தாளமும் அச்சிடும் நல்ல வழக்கம் இன்றும் தொடர்கிறது.

கீர்த்தனையைவிட, மேலைநாட்டு மெட்டில் பாடும் பாமாலைகளை விரும்புவோர் ஜெர்மன், ஆங்கில மெட்டுகளின் கம்பீரத்தைச் சொல்வார்கள். கம்பீரம் உண்மைதான். ஆனால் அந்த மெட்டுகள் நம் குறில் நெடிலை அறியா. ‘மனமே’ என்பதில் முதலெழுத்தின் மேல் நீண்ட சுரம் விழுந்தால் அது ‘மானமே’ ஆகிவிடும். தமிழ்ச் சொல்லோடு சேர்ந்தே பிறந்த கீர்த்தனைக்கு அந்தச் சங்கடம் இல்லை.

பிழைப்புக்காக ஊர் பெயர்ந்த குடும்பங்களோடு தஞ்சைப் பாட்டு திருவள்ளூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பக்கத்துச் சபைகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அங்கு மட்டுமல்ல, பல இடங்களிலும் கீபோர்டில் முன்கூட்டியே பதிந்து வைத்த தாளத்தைத் தட்டிவிட்டு, அதன் வேகத்துக்குச் சபையை இழுக்கிறார்கள். பல்லவியைத் திருப்பிப் பாட மூச்சு மிஞ்சுவதில்லை. ‘மனமே’ என்று அழைத்துவிட்டு நிற்கும் அந்த ஒரு கணமும் போய்விடுகிறது.

அடுத்த ஞாயிறு பாடகர் குழுக்கள் கீபோர்டின் தாளப் பொத்தானைத் தொடாமல், புத்தகத்தில் பாட்டின் தலைக்கு மேல் அச்சிட்டிருக்கும் ராகத்தில், கைத்தாளம் மட்டும் போட்டு ‘இயேசுவையே துதிசெய்’ கீர்த்தனையை ஒருமுறை பாட வேண்டும்.