ஹகோனே சிற்ப அருங்காட்சியகமும் ஒருநாள் சுற்றும்

ஜப்பானின் ஹகோனே மலைப்பகுதியில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகம் 1969இல் தொடங்கப்பட்டது. அந்நாட்டில் இவ்வகையில் இதுவே முதலாவது. ஏறத்தாழ 70,000 சதுர மீட்டர் பரப்பில், புல்வெளிகளிலும் மரங்களுக்கிடையிலும் சுமார் 120 சிற்பங்கள் நிலையாக வைக்கப்பட்டுள்ளன. ரோடான், பூர்தெல், கார்ல் மில்லஸ், ஹென்றி மூர், நிகி டி சான் ஃபால் ஆகியோரின் படைப்புகள் அவற்றுள் அடங்கும். டோக்கியோவிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்பதால், வருவோரில் பலர் ஒரே வகையான பயணத் திட்டத்தைப் பின்பற்றுகிறார்கள். ஹகோனேயின் முக்கிய இடங்களை ஒரு வளையமாக இணைத்து, அதில் அருங்காட்சியகத்தையும் ஒரு நிறுத்தமாகச் சேர்க்கும் ஒருநாள் சுற்று அது.

சுற்றின் அமைப்பு எளியது. டோக்கியோவின் ஷின்ஜுகுவிலிருந்து ரொமான்ஸ்கார் விரைவு ரயில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் ஹகோனே-யுமோட்டோவுக்கு வருகிறது. அங்கிருந்து மலை ரயில், செங்குத்தான சரிவுகளில் மூன்று இடங்களில் திசை மாறி முன்னும் பின்னுமாக ஏறி, 40 நிமிடங்களுக்குள் சோகோகு-நோ-மோரி நிலையத்தை அடைகிறது. நிலையத்திலிருந்து அருங்காட்சியகம் இரண்டு நிமிட நடை. பார்த்து முடித்தவர்கள் அடுத்த நிலையமான கோராவுக்குச் சென்று, பழனி மலையில் ஓடுவது போன்ற இழுவை ரயிலில் சோஉன்சானுக்கு ஏறுகிறார்கள். அதன்பின் ரோப் காரில், கந்தகப் புகை எழும் ஓவாகுதானி வழியாக ஆஷி ஏரிக்கரைக்கு இறங்கி, கப்பலில் ஏரியைக் கடந்து, பேருந்தில் யுமோட்டோ திரும்புகிறார்கள்.

இந்தத் திட்டம் பரவலாகப் பின்பற்றப்படுவதற்குத் தக்க காரணங்கள் உண்டு. சொந்த வாகனம் தேவையில்லை. ஹகோனே ஃப்ரீ பாஸ் என்ற ஒரே பயணச்சீட்டில் மலை ரயில் முதல் கப்பல் வரை எல்லாவற்றிலும் செல்லலாம். அருங்காட்சியக நுழைவுக் கட்டணம் அதில் சேராது என்றாலும், சீட்டைக் காட்டினால் சலுகை கிடைக்கும். முதியோரும் சிறுவர்களும் கலந்த குழுவில் ஒருவருக்குச் சிற்பம் பிடிக்கும், இன்னொருவருக்கு ஏரி பிடிக்கும். சுற்று எல்லோருக்கும் ஏதாவது ஒன்றைத் தருகிறது. ஒரு நாள் முழுவதையும் ஒரே இடத்தை நம்பிச் செலவிட்டு ஏமாறும் அபாயமும் குறைகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சிற்பத்தைத் தேடி வராதவர்களையும் இது சிற்பத்தின் முன் கொண்டுவந்து நிறுத்துகிறது.

குறைகளில் முதன்மையானது நேரம். காலை எட்டு மணி வாக்கில் டோக்கியோவிலிருந்து புறப்படுபவர் அருங்காட்சியக வாயிலை அடையப் பத்தரை ஆகிவிடும். ரோப் காரும் கப்பலும் மாலையில் நின்றுவிடுவதால், பன்னிரண்டு மணிக்குள் வெளியேறினால்தான் மீதிச் சுற்றைப் பதற்றமின்றி முடிக்க முடியும். கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தை வெளியில் உள்ள 120 சிற்பங்களுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 45 வினாடி வருகிறது; நடப்பதும் உள்ளரங்கக் காட்சிகளும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். எதிர்த்திசையில் சுற்றி, அருங்காட்சியகத்தைக் கடைசியில் வைப்பதும் தீர்வாகாது. மாலை 5 மணிக்கு மூடப்படும் இடத்தில் 4.30க்குப் பிறகு நுழைவு இல்லை. பெரும்பாலோர் ஒரே நாளில் பயன்படுத்தித் தீர்க்கும் ஃப்ரீ பாஸின் மிகக் குறுகிய காலமே இரண்டு நாள் என்பதும் கருதத்தக்கது.

நேரக் குறைவு எந்த அருங்காட்சியகத்திலும் குறைதான். திறந்தவெளிச் சிற்பத்தில் அது கூடுதலாக உறுத்துகிறது. சுவரில் மாட்டிய ஓவியத்தை ஒரே இடத்தில் நின்று பார்த்துவிடலாம். சிற்பத்தையோ சுற்றி நடந்துதான் பார்க்க வேண்டும். சிற்பம் திறந்த வெளிக்கு உரிய கலை என்றும், பகலொளி அதற்கு இன்றியமையாதது என்றும் கருதியவர் ஹென்றி மூர். அவருடைய 26 படைப்புகள் இங்கு சேகரிக்கப்பட்டு, மாற்றி மாற்றிக் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. சாய்ந்து கிடக்கும் அவருடைய உருவங்களில் உள்ள இடைவெளிகள் வழியாகப் புல்லும் மலையும் தெரிகின்றன. பார்ப்பவர் பத்து அடி நகர்ந்தால் அந்தக் காட்சி மாறிவிடுகிறது. மில்லஸின் ‘மனிதனும் பெகாசசும்’ உயர்ந்த தூணின் உச்சியில் வானத்தில் பறப்பதுபோல் நிற்கிறது. அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்பவருக்குத் தூணே பெரிதாகத் தெரியும். பறத்தலைக் காணத் தள்ளி நிற்க வேண்டும்.

ஒளியையும் ஒருநாள் சுற்று கணக்கில் எடுப்பதில்லை. வெண்கலத்தின் வளைவுகளை எடுத்துக்காட்டுவது பக்கவாட்டில் விழும் வெயில். ஹகோனேயில் ஜூன் மாத நண்பகலில் சூரியன் ஏறத்தாழ 78 பாகை உயரத்தில், கிட்டத்தட்டத் தலைக்கு மேல் நிற்கிறது. டிசம்பர் பிற்பகுதியில் அந்த உயரம் ஏறத்தாழ 31 பாகைதான். கோடையில் ஒருநாள் சுற்றில் வருபவர், நிழல் மிகக் குறுகியிருக்கும் வேளையில்தான் சிற்பங்களைச் சந்திக்கிறார். குளிரைத் தாங்கக்கூடியவருக்குக் குளிர்காலமே நல்ல ஒளியைத் தருகிறது.

மழை இன்னொரு சிக்கல். ஹகோனேயில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப்போல் இரு மடங்குக்கும் மேல். ஜூன், ஜூலையில் பருவமழையும் அதன்பின் அக்டோபர் வரை சூறாவளிகளும் வரும். 2019 அக்டோபரில் வந்த ஹகிபிஸ் சூறாவளியால் மலை ரயில் பாதை சேதமடைந்து, 2020 ஜூலையில்தான் முழுமையாகத் திறக்கப்பட்டது. 2015இல் ஓவாகுதானியில் எரிமலைச் செயல்பாடு கூடியபோது ரோப் கார் நிறுத்தப்பட்டது. ஒன்றோடொன்று கோத்த திட்டத்தில் ஒரு கண்ணி அறுந்தாலும் நாள் முழுவதும் குலைந்துவிடும்.

ஆயினும் மழை நாளை வீணான நாள் என்று தள்ளிவிட முடியாது. 1984இல் திறக்கப்பட்ட பிக்காசோ கூடத்தில், அவருடைய மகள் மாயாவிடமிருந்து பெறப்பட்ட பீங்கான் படைப்புகள் உட்பட 300க்கும் மேற்பட்டவை சேகரிப்பில் உள்ளன. கேப்ரியல் லுவாரின் வண்ணக் கண்ணாடிகளால் ஆன கோபுரத்துக்குள் சுழல் படிகளில் ஏறலாம். தோஷிகோ ஹோரியுச்சி மெக்காடம் பின்னிய வண்ண வலையில் சிறுவர்கள் ஏறி விளையாடலாம். அதைத் தாங்கும் மரக்கட்டடம் 2009இல் எழுப்பப்பட்டது. இந்த மூன்றும் கூரைக்கு அடியில் உள்ளவை. மழை வலுத்தால் எங்கே ஒதுங்குவது, விட்டால் எந்தப் புல்வெளிக்குத் திரும்புவது என்று தீர்மானிக்க நேரம் கையில் இருப்பவருக்கே இந்த வசதி பயன்படும்.

மாற்றுத் திட்டங்கள் இரண்டு. கோராவிலோ, அதே மலை ரயில் பாதையிலுள்ள மியானோஷிதாவிலோ ஓர் இரவு தங்கி, காலை 9 மணிக்கு வாயில் திறக்கும்போதே நுழைவது ஒன்று. டோக்கியோவிலிருந்து வரும் கூட்டம் சேர்வதற்குள் ஒன்றரை மணி நேரம் அமைதியாகக் கிடைக்கும். ஏரிச் சுற்று மற்ற நாளுக்குப் போகும். வெந்நீரூற்று விடுதிகளின் கட்டணம் இதன் குறை. ஏரியையும் ரோப் காரையும் விட்டுவிட்டு, அருங்காட்சியகத்துக்கு மட்டும் வந்து திரும்புவது மற்றொன்று. செலவு குறைவு, நேரம் தாராளம்; ஆனால் கலையில் ஆர்வம் இல்லாத உடன்பயணிகளுக்கு நாள் நீண்டுவிடும். எந்தத் திட்டமானாலும் சரிவுகளையும் படிகளையும் எண்ணி முதியோருக்கு இடை ஓய்வு ஒதுக்க வேண்டும். வளாகத்திலுள்ள வெந்நீர்க் கால்குளியல் இதற்கு ஏற்ற இடம்.

ஹகோனேயின் சகோதர நிறுவனமாக நாகானோ மாவட்டத்தில் 1981இல் திறக்கப்பட்ட உட்சுகுஷிகஹாரா அருங்காட்சியகம், எளிதில் அடைய முடிவதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரப் பீடபூமியில் உள்ள அதற்கு வாசல்வரை ரயில் இல்லை, குளிர்காலத்தில் மூடிவிடுகிறார்கள். அங்கே போகிறவர் பருவம் பார்த்து, ஒரு நாளை ஒதுக்கித்தான் போக வேண்டும். ஹகோனேயில் வழி எளிதாக இருப்பதே அவசரத்துக்கும் இடம் தருகிறது.

முதல் முறை ஜப்பானுக்கு வந்து, மலையையும் ஏரியையும் சிற்பத்தையும் ஒருங்கே சுவைத்துப் பார்க்க விரும்புபவருக்கு ஒருநாள் சுற்று நியாயமான தேர்வு. சிற்பமே நோக்கமாக வருபவருக்கு அது பொருந்தாது. அவர் அருங்காட்சியகத்துக்கு மூன்று மணி நேரமாவது ஒதுக்கி, ரயில் அட்டவணையைப் பார்ப்பதற்கு முன் பருவத்தையும் வெயிலின் சாய்வையும் பார்த்து நாளைக் குறிப்பது நல்லது.